ஸ்கேன் முடிவுக்கு ஒரு தேதி சொல்லுங்கள்: மருத்துவமனை முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமை காலை, உங்கள் மருத்துவமனையின் ஸ்கேன் கவுண்ட்டரில் ஐந்தாவது முறையாக வந்து நின்றேன். அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. "இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை வந்து பாருங்கள்" என்றார்கள். படியிறங்கும்போது கதிர்வீச்சுப் பிரிவின் செவிலியர் ஒருவர் என்னை அடையாளம் கண்டு, அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்க் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் எங்கள் அறிக்கையோடு வந்தார். அதில் கையெழுத்திட்டிருந்த தேதி அந்த வாரத்துத் திங்கட்கிழமை. நான்கு நாட்களாக அது உங்கள் கட்டடத்திற்குள்ளேயே இருந்திருக்கிறது. இடையில் புதன்கிழமையும் நான் வந்து, இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போயிருக்கிறேன்.

முடிவு வரத் தாமதமாவது ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. படம் பார்த்து எழுதும் மருத்துவர்கள் குறைவு. விபத்திலும் பக்கவாதத்திலும் வருகிறவர்களின் படங்கள் முந்திக்கொள்ளும்; முந்தத்தான் வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த பிறகு எடுக்கும் படத்தைப் படிப்பது எளிதல்ல என்பதையும் உங்கள் மருத்துவரே பொறுமையாக விளக்கினார். கதிர்வீச்சால் ஏற்பட்ட வீக்கமும் தழும்பும், மிச்சமிருக்கும் கட்டியைப் போலத் தோன்றக்கூடுமாம். அதனால்தான் சிகிச்சை முடிந்து மூன்று மாதம் பொறுத்து எடுக்கிறார்கள். பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நிதானமாகவே பாருங்கள் ஐயா. அவசரப்பட்டு எழுதிய அறிக்கை எங்களுக்கு வேண்டாம். பத்து நாள் ஆகும் என்றால் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தாம் நாள் எந்தத் தேதி என்பதை மட்டும், ஸ்கேன் எடுத்த அன்றே சீட்டில் எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

அம்மா காத்திருக்கத் தெரியாதவர் அல்ல. 25 நாள் கரண்ட், வாரம் ஒரு நாள் மருந்து ஏற்றுதல், அதன் பிறகு உள் கதிர்வீச்சு. அத்தனைக்கும் நாள் குறித்து ஓர் அட்டை கொடுத்திருந்தீர்கள். அந்த அட்டையின் கட்டங்களை அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்தபடி, "பதினேழு முடிந்தது, இன்னும் எட்டுத்தான்" என்பார். வாந்தியும் வயிற்றுப்போக்கும் அவரை உருட்டிப் போட்ட நாட்களில்கூட அந்தக் கணக்கு தப்பவில்லை. வலிக்கு ஒரு கரை தெரிந்தது, அதனால் நீந்தினார். ஸ்கேன் முடிவுக்கு அப்படி ஓர் அட்டை இல்லை.

எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் மூக்குக் குத்தியது. ஐம்பது ஆண்டுகளில் அவர் அந்த மூக்குத்தியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. திருகு இறுகிப்போயிருந்தது. காத்திருக்கும் கூடத்தின் மூலையில் உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு நான்தான் கழற்றினேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் போட்டுவிட முயன்றேன். "இருக்கட்டும். முடிவு வரட்டும், பிறகு போட்டுக்கொள்கிறேன்" என்று அதைக் காகிதத்தில் மடித்து அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் நான் வெறுங்கையோடு திரும்பியபோது எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் நாளும் கேட்கவில்லை. ஆறாம் நாள் காலையில் பார்த்தால், துளை தூர்ந்துவிடாமலிருக்க ஒரு வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார். காது குத்திய குழந்தைக்குச் செருகுவார்களே, அதைப் போல. அதற்குப் பிறகு, இரவில் எப்போது விழித்தாலும் அவர் விரல் அந்தக் குச்சியைத் திருகிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பயமாக இருக்கிறது என்று அம்மா ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறை நான் பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போதும் அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். ஏழாம் நாள் பழைய ரிப்போர்ட்டை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்த என் கையில் அதைப் பார்த்ததும் அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "இது பழைய ரிப்போர்ட்டும்மா" என்று சொல்வதற்குள் எனக்குக் குரல் போய்விட்டது. அன்று திங்கட்கிழமை. எங்கள் அறிக்கையில் கையெழுத்தாகிவிட்ட அதே திங்கட்கிழமை.

நான் தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மருத்துவமனைக்குப் போன நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள், அது போகட்டும். கவுண்ட்டர் வாசலில் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த பெரியவர் ஒருவரைப் பார்த்தேன். மனைவிக்குக் குடலில் புற்று. ஊருக்குப் போய்த் திரும்பினால் பஸ் செலவு கட்டுப்படியாகாது என்று இரண்டு இரவு உங்கள் வராந்தாவிலேயே படுத்திருந்தார். அவரிடமும் "வந்தால் சொல்வோம்" என்றுதான் சொன்னார்கள். எப்படிச் சொல்வீர்கள்? ஓபி சீட்டு போடும்போது கைபேசி எண் கேட்டு வாங்கி எழுதுகிறீர்கள். அந்த எண்ணுக்கு மருத்துவமனையிலிருந்து யாராவது ஒரு முறை அழைத்ததுண்டா? அழைப்பு வரும் என்று நம்பி ஊருக்குப் போயிருந்தால் அந்தப் பெரியவரின் கதி என்ன? ஏழை வந்து நிற்பான், அவன் நேரத்துக்கு விலையில்லை என்ற எண்ணம் நம் அரசு அலுவலகங்களில் எத்தனை காலமாக ஊறிக் கிடக்கிறது! பட்டாவுக்கு நின்றோம், சாதிச் சான்றிதழுக்கு நின்றோம், முதியோர் உதவித்தொகைக்கு நின்றோம். அங்கெல்லாம் நின்றது காகிதத்துக்காக. இங்கே உயிர் இருக்குமா, இருக்காதா என்று தெரிந்துகொள்ள நிற்கிறோம்.

கோபத்தில் ஏதும் மிகையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அரசு மருத்துவம்தான் அம்மாவை இதுவரை கொண்டுவந்தது என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து கிராம சுகாதார செவிலியர் விடாமல் வற்புறுத்தியதால்தான் அம்மா பரிசோதனைக்கே போனார். காப்பீட்டு அட்டையால்தான் கடன் வாங்காமல் சிகிச்சை முடிந்தது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ரேஷன் கடையில் துவரம்பருப்பு வாங்கினால், வீடு வந்து சேர்வதற்குள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. இவ்வளவும் முடிகிற மாநிலத்தில், "உங்கள் அறிக்கை தயார்" என்ற ஒரு வரி ஏன் முடியாது?

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் அவரை விடாமல் துரத்தியதால்தான் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் வேதனையிலிருந்து பிறந்த மருத்துவம் இது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருப்பதாகவே நினைக்கிறேன்.

இதற்குப் புதிய இயந்திரமோ புதிய கட்டடமோ வேண்டாம். ஸ்கேன் சீட்டின் பின்புறம் ஒரு முத்திரை குத்தி, அதில் முடிவு கிடைக்கும் தேதியை எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் முடியாது என்றால், முதல் நாளே அழைத்து மறு தேதி சொல்ல ஒருவரை நியமியுங்கள். அறிக்கை கையெழுத்தானதும் எந்தப் பிரிவுக்குப் போனது என்பதைக் கவுண்ட்டரில் ஒரு நோட்டில் குறித்துவைத்தால்கூடப் போதும். நான்கு நாள் அது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகாது. தேதி தெரிந்தால் அம்மா எண்ணிக்கொள்வார். எண்ணத் தெரிந்தவர் அவர்.

அறிக்கையில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதவில்லை. நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் என் கோரிக்கை இதேதான். அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் இன்னும் மூன்று மாதத்தில் இருக்கிறது. அதற்குள், அந்தச் சீட்டில் ஒரு தேதி எழுதித் தர ஏற்பாடு செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் ஒரு தாயின் மகள்