சப்நெட் கணக்கு: மகளுக்கு ஒரு கடிதம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணு,

சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க்கிங் பரீட்சையான சிசிஎன்ஏ-வில், ஒரு நெட்வொர்க்கைச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு ஒன்றுதான் பயம் என்று போனில் சொன்னாய். இதைப் பேச்சில் சொன்னால் நிற்காது, அதனால் எழுதுகிறேன். பெங்களூரில் வேலை முடித்து ரூமுக்கு வந்ததும் பேனாவோடு உட்கார்ந்து படி.

நீ அட்டவணையை உருப்போடுகிறாய் போலிருக்கிறது. அது வேண்டாம் கண்ணு. பதற்றத்தில் ஒரு வரி மறந்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் குழம்பிவிடும். சிஸ்கோ பரீட்சையில் கால்குலேட்டரும் கிடையாது, விட்ட கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. உனக்கு இரட்டிக்கத் தெரிந்தால் போதும். கிறுக்கிப் பார்க்கத் தருகிற பலகையில் முதல் வேலையாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதி வைத்துக்கொள்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் ஐ.பி. முகவரியில் (ஐ.பி.வி4 வகையில்) மொத்தம் 32 பிட், எட்டெட்டாக நான்கு எண். ஸ்லாஷுக்குப் பின்னால் உள்ள எண் நெட்வொர்க்குக்கு ஒதுக்கிய பிட். அதை 32-லிருந்து கழித்தால் மிச்சம் ஹோஸ்ட் பிட், அதாவது அந்தத் துண்டில் உள்ள கருவிகளுக்கான பிட். /26 என்றால் மிச்சம் 6. இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. நெட்வொர்க் முகவரிக்கு ஒன்று, எல்லாக் கருவிக்கும் ஒரே சமயத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட்டுக்கு ஒன்று போக 62 ஹோஸ்ட். ஸ்லாஷுக்குப் பதில் அதே பிரிவை நான்கு எண்ணாகச் சொல்லும் மாஸ்க்காகக் கொடுத்தால் இன்னும் சுலபம்: 255.255.255.224 என்றால் 256-லிருந்து 224 போக 32. இதுதான் ஒரு சப்நெட்டின் அளவு. 192.168.10.77 எங்கே விழும்? 0, 32, 64, 96 என்று எண்ணிப் போ. 64-க்கும் 96-க்கும் நடுவில். நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, ஹோஸ்ட்டுகள் 65 முதல் 94 வரை.

மூன்றாவது எண்ணில் மாஸ்க் உடைந்தாலும் இதே வழிதான். 172.16.37.200/20 என்றால் முதல் இரண்டு எண்ணுக்கு 16 பிட் போக மிச்சம் 4. பலகையில் எழுதியதில் முதல் நான்கையும் கூட்டினால் 240, ஆக மாஸ்க் 255.255.240.0. 256-லிருந்து 240 போக 16, அதனால் மூன்றாவது எண்ணில் 16, 16-ஆகத் தாண்டு. 37-க்கு முன்னால் நிற்பது 32. ஆக 172.16.32.0 முதல் 172.16.47.255 வரை. ஹோஸ்ட் பிட் 12, அதாவது 4096, இரண்டு போக 4094.

திருப்பிக் கேட்கும் கேள்வியில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். எங்கள் பாலிடெக்னிக் லேபில் 30 கம்ப்யூட்டர். எந்த சப்நெட் போதும் என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் உடனே /27 என்பார்கள். 32-ல் இரண்டு போக 30, சரியாகத்தானே வருகிறது என்று தோன்றும். ஆனால் வெளியே போகும் வாசலான கேட்வேயாக இருக்கும் ரவுட்டர் முனைக்கும் அதே சப்நெட்டில் ஒரு முகவரி வேண்டுமே! 31 ஆகிவிட்டது, /26-க்குப் போயாக வேண்டும். கேள்வியில் வெறுமனே 30 ஹோஸ்ட் என்று இருந்தால் /27 சரி. ரவுட்டரைத் தனியாகச் சொல்லியிருந்தால் அதையும் கூட்டு. இதை மட்டும் ஒவ்வொரு தடவையும் நிதானமாகப் படி, ராஜாத்தி.

அப்புறம், இரண்டு ரவுட்டர்களை மட்டும் இணைக்கும் லிங்க்குக்கு /31 வந்தால் திகைக்காதே. அங்கே இரண்டைக் கழிக்க வேண்டாம், இரண்டு முகவரியும் பயன்படும். 2000-லேயே ஆர்.எஃப்.சி. 3021 என்ற இணையத் தர ஆவணம் அதற்கு வழி செய்துவிட்டது.

10.1.85.9/22-க்கு நெட்வொர்க், பிராட்காஸ்ட், ஹோஸ்ட் எண்ணிக்கை மூன்றையும் போட்டு ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பு. போட்ட வழியையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு, பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா