பின் ஆக்ஸிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்க பிக்கப் வண்டிகளின் கால் மைல் பந்தயம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் வண்டியின் 5.4 லிட்டர் வி-8 எஞ்சின், அதன் மேல் உட்கார்ந்து காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஈட்டன் சூப்பர்சார்ஜர், புல்லியைச் சிறிதாக்கினால் கூடுகிற குதிரைத்திறன் என்று முழுப் பக்கமும் எஞ்சின் புராணம். அந்த விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற பின் ஆக்ஸிலைப் பற்றி எதுவும் இல்லை. பெட்டிச் செய்தியில் மட்டும், "டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களை வெல்டிங் வைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும், செலவும் குறைவு" என்று போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்ஸிலின் நடுவில், வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு; ஸ்டார் பினியன்கள் அதற்குள் இருக்கும் சிறு பல்சக்கரங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கோவை பீளமேட்டில் லேத் வேலை பழகியவன். இப்போது டெக்சஸில், டல்லாஸுக்குத் தெற்கே, ஆக்ஸில் வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் இருக்கிறேன். எனிஸ் ஊரில் 1986-இல் திறந்த டெக்சஸ் மோட்டார்பிளெக்ஸ் பந்தயத் திடல் எங்களுக்குப் பக்கம்தான். கான்கிரீட் தளம். பந்தயத்துக்கு முன் அதில் பிசின் தெளித்து, பழைய ரப்பரையும் தேய்த்து வைப்பார்கள். நடந்து போனால் செருப்பைத் தளம் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தரையில் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை நின்ற இடத்திலிருந்து பாய வைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2001 மாடல் லைட்னிங்கின் உச்ச முறுக்குவிசை சுமார் 610 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 2.71, பின் ஆக்ஸிலில் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றும் பினியனுக்கும் உள்ள விகிதம் 3.73. இரண்டையும் பெருக்கினால் பத்து மடங்கு. பின் சக்கரங்களுக்கு 6,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியாதலால், கிளம்பும் நொடியில் டார்க் கன்வெர்ட்டர் தன் பங்குக்கு இன்னும் கூட்டும். சாதாரண டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும். அந்த வழுக்கல்தான் ஃபியூஸ். கோடுகளே இல்லாமல் தரையை இறுகப் பிடிக்கும் ஸ்லிக் டயர் மாட்டினால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பியைச் சுற்றியதுபோல. அடுத்து எது பலவீனமோ அது போகும். பெரும்பாலும் சக்கரத்தைத் திருப்புகிற தண்டான ஆக்ஸில் ஷாஃப்ட்.

நம்ம ஊர் லாரி டிரைவரிடம் "ஆக்ஸில் கட்" என்றால் பெரிதாகப் பதற மாட்டார். லாரியில் இருப்பது ஃபுல் ஃபுளோட்டிங் ஆக்ஸில். வண்டியின் எடையை ஹப்பும் பேரிங்கும் ஹவுசிங் என்ற வெளிக்கூட்டின்மேல் தாங்குகின்றன. ஷாஃப்டுக்குச் சக்கரத்தைத் திருப்புகிற வேலை மட்டும்தான். உடைந்தால் ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கழற்றி, ரோட்டோரத்திலேயே ஷாஃப்டை உருவி வேறொன்று சொருகுவார்கள். சக்கரம் அது பாட்டுக்கு நிற்கும்.

லைட்னிங் அப்படி இல்லை. அதன் 9.75 அங்குல ஆக்ஸில் செமி ஃபுளோட்டிங் வகை. ஷாஃப்டே எடையையும் தாங்க வேண்டும், திருப்பவும் வேண்டும். அது வெளியே வராமல் பிடித்து வைத்திருப்பது, டிஃபரன்ஷியலுக்குள் ஷாஃப்டின் நுனியில் மாட்டிய 'சி' வடிவக் கிளிப் ஒன்றுதான். கிளிப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஷாஃப்ட் எங்கே உடைந்தாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. டிஸ்க் பிரேக்கின் காலிப்பர் சற்று நேரம் பிடிக்கலாம். 160 கிலோமீட்டர் வேகத்தில் அதை நம்பி உட்கார முடியுமா?

அதனால்தான் இந்தப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்புத்தகத்தில், கால் மைலை 10.99 விநாடியிலோ அதற்குள்ளோ ஓடும் வண்டிக்குத் தனியாகச் செய்த ஆக்ஸிலும், அதைப் பிடித்து வைக்கும் அமைப்பும் கட்டாயம். அதே விதியில் இன்னொரு பாதியும் உண்டு: டிஃபரன்ஷியலைப் பூட்டிய வண்டி எவ்வளவு மெதுவாக ஓடினாலும் இது கட்டாயம். உங்கள் பெட்டிச் செய்தி சொன்ன வேலை அதேதான்.

ஏன் அப்படி? திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு ஷாஃப்டுக்கும் விசையைச் சரிபாதியாகப் பிரிக்கும். பூட்டிவிட்டால் அந்தக் கணக்கு போயிற்று. ஒரு சக்கரம் பிடியை இழந்தால் மொத்தமும் மற்ற ஷாஃப்டின் தலையில் விழும். ஸ்டார் பினியன் மேல்பரப்பு கடினப்படுத்திய எஃகு. அதில் வெல்டிங் வைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் நொறுங்கும் தன்மை வரும். துண்டு தெறித்துக் கிரவுனுக்குள் விழுந்தால் பின் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகிவிடும். பூட்டியே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று, இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாக இணைக்கும் ஸ்பூல் என்ற ஒற்றைத் துண்டு கிடைக்கிறது. தெருவிலும் ஓட்டுகிறவர் தேவைப்படும்போது மட்டும் பூட்டும் லாக்கரோ, பல்சக்கரத்தால் இயங்கும் லிமிடெட் ஸ்லிப்போ போடலாம். வளைவில் டயரைத் தேய்க்காது.

சரி, எப்படித்தான் பலப்படுத்துவது? எங்கள் பட்டறையில் முதலில் கிளிப்பை ஒழிப்போம். ஹவுசிங்கின் இரு முனைகளையும் வெட்டி, பழைய ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலின் முனை மாதிரி ஒன்றை வைத்து வெல்டு செய்கிறோம். பேரிங்கை ஷாஃப்டிலேயே அழுத்தி ஏற்றி, நாலு போல்ட் போட்ட தகட்டால் ஹவுசிங்கோடு பிடிக்கிறோம். பேரிங்குக்கு உள்பக்கம் ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் வண்டியோடு நிற்கும்.

அடுத்து ஷாஃப்டின் தடிமன். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 31 ஸ்ப்லைன், அதாவது நுனியில் 31 பற்கள் வெட்டிய ஷாஃப்டின் விட்டம் 33.5 மில்லிமீட்டர் அளவு. 35 ஸ்ப்லைன் என்றால் 38. பார்வைக்கு நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம், வலுவில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. லைட்னிங்கில் கம்பெனி கொடுப்பது 34 ஸ்ப்லைன், ஆகவே இங்கே லாபம் அளவை விடப் பொருளில்தான்: 4340 குரோம்-மாலி என்ற கலப்பு எஃகு. புது ஷாஃப்டின்மேல் நீளவாக்கில் நேராக ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். பந்தயத்துக்குப் பின் கழற்றிப் பார்க்கும்போது கோடு சுருள ஆரம்பித்திருந்தால் அதைத் திரும்ப மாட்டக் கூடாது.

அப்புறம் ஹவுசிங். நடுவில் வார்ப்பிரும்பு, இரு பக்கமும் அழுத்திச் செருகிய எஃகுக் குழாய்கள், பிடிப்புக்குச் சில புள்ளிகளில் வெல்டிங். கடும் அதிர்ச்சியில் குழாய் வார்ப்புக்குள் திரும்பிவிடும். சுற்றிலும் வெல்டு வைக்க வேண்டும். ஆனால் வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடில் வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். பிறகு கம்பி செருகி நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் மூடினால் புது பேரிங் சீக்கிரமே போய்விடும். கிரவுனை பினியன் எதிர்ப்பக்கம் தள்ளுவதால் அதன் பேரிங்குகளைப் பிடித்திருக்கும் கேப்புகள் வளையும். அவற்றை உள்ளிருந்து இரண்டு போல்ட்டால் தாங்கும் கனமான அலுமினிய மூடி விற்கிறார்கள். அந்தப் போல்ட்டுகளைப் பலம்கொண்ட மட்டும் முறுக்குகிறவர்களை இங்கேயும் பார்க்கிறேன். தொட்டு நின்றால் போதும்.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் இன்னொன்று: கிளம்பும்போது பட்டை 'எஸ்' போல வளைந்து பினியன் மூக்கு மேலே எழும்பும், சக்கரம் துள்ளும். துள்ளி விழுந்து பிடிக்கிற அடிதான் பல ஷாஃப்டுகளை உடைக்கிறது. டிராக்‌ஷன் பார் என்ற, ஆக்ஸிலைத் திரும்பாமல் பிடிக்கும் கம்பி போட்டால் குறையும்.

இவ்வளவும் செய்வதற்குப் பதில் சிலர் நேரே ஃபோர்டு 9 அங்குல ஆக்ஸிலுக்கே மாறுகிறார்கள். 1957-இல் வந்த வடிவம். கிரவுன் அளவு கம்பெனி ஆக்ஸிலை விடச் சிறியதுதான். ஆனாலும் பினியனின் நுனிக்கு மூன்றாவதாக ஒரு பேரிங் தாங்கல் உண்டு, கிளிப் கிடையாது, நடுப்பகுதியை முழுசாகக் கழற்றி வேறு விகிதம் மாட்டலாம். உராய்வில் கொஞ்சம் குதிரைத்திறன் போகும். போகட்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எங்கள் பட்டறையிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த வெல்டிங் யோசனையைத் திரும்பப் பெற்று ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே படத்தின் கீழ் உள்ள எண்ணையும் பாருங்கள். 1999 லைட்னிங்குக்கு 380 குதிரைத்திறன் என்று போட்டிருக்கிறது. 1999-க்கு 360, 380 வந்தது 2001-இல்.

இப்படிக்கு,
பழைய பீளமேட்டு வாசகன்,
எனிஸ் அருகே, டெக்சஸ்