‘விசேஷம் உண்டா?’ என்று கேட்காதவர்களுக்கு

வருகிற தை மாதம் என் மகளுக்குக் காது குத்து. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள் அவள். அந்த ஆறு வருடமும் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு, தாங்கள் செய்தது உதவி என்றே தெரியாது.

டாக்டரம்மா, உங்களிடம் வருவதற்கு முன் வேறொரு இடத்தில் ஸ்கேனைப் பார்த்த கையோடு, “ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி, டெஸ்ட் டியூப்தான் வழி” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டி என்றதும் என்னென்னவோ நினைத்து, மதுரையிலிருந்து திருமங்கலம் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். நீங்கள்தான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, அதன் ஓரத்தில் முத்து கோத்தமாதிரி புள்ளி வைத்துக் காட்டினீர்கள். “இது கட்டி இல்லம்மா. வளர ஆரம்பிச்சு பாதியில நின்னுபோன முட்டைப் பைங்க. நின்னத வளர வைக்க மருந்து இருக்கு.” 74 கிலோ இருந்த என்னிடம் நீங்கள் கேட்டது நாலே கிலோ. அவ்வளவு குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வர வாய்ப்பு உண்டு என்றீர்கள். நாலு கிலோ என்பது என்னால் முடிகிற கணக்காக இருந்தது.

மருந்துக்கடை அண்ணன், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. முட்டை வளர டாக்டரம்மா எழுதிக் கொடுத்த லெட்ரோசோல் மாத்திரை அட்டையோடு வந்த காகிதத்தில் ‘மார்பகப் புற்றுநோய்’ என்று படித்துவிட்டு, கை நடுங்க உங்கள் கடைக்குத் திரும்பி வந்தேன். ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னீர்கள். அந்த நோய்க்கு வந்த மாத்திரைதான், ஆனால் ஐந்து நாள் மட்டும் சாப்பிட்டால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம் இறங்கும், அதைப் பார்த்து மூளை முட்டையை வளர்க்கச் சொல்லி உத்தரவு அனுப்பும் என்றீர்கள். 2011-ல் இதற்குக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடை போட்டதையும், பிறகு அது விலகியதையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். அதனால்தான் நம்பிச் சாப்பிட்டேன்.

ஸ்கேன் அறை சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வது? உள்வழி ஸ்கேன் என்றாலே உடம்பு கூசும். ஒவ்வொரு முறையும் போர்வையை முழங்கால் வரை இழுத்து மூடிவிட்டுத்தான் டாக்டரைக் கூப்பிடுவீர்கள். அந்த மாத்திரை 2.5 மில்லிகிராமில் ஒரு முட்டையும் வளரவில்லை. 5 ஆக்கிய மாதம், மாதவிலக்கிலிருந்து ஒன்பதாம் நாள் முட்டைப் பை 11, பதினொன்றாம் நாள் 15, பதின்மூன்றாம் நாள் 19 மில்லிமீட்டர். அந்த 19-ஐ நான் பார்க்கட்டும் என்று திரையை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். அந்த மாதமும் கைகூடவில்லை, அடுத்ததும் இல்லை. ஆனாலும் என் உடம்பால் ஒன்றை வளர்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஸ்கேன் நாட்களில் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி நேரப் பெர்மிஷன் எனக்குப் போதாது. ஐந்தாம் வகுப்பு டீச்சர், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் என் வகுப்புப் பிள்ளைகளையும் உங்கள் வகுப்பில் உட்கார வைத்துக்கொண்டீர்கள். உங்கள் வளைகாப்பில் நான் மண்டபத்துத் தூண் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பிள்ளையில்லாதவள் வளையல் போடலாமா என்று யாரோ முணுமுணுத்தது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். நீங்கள் கையை நீட்டிக்கொண்டே இருந்தீர்கள். “நீங்க வந்து போடுங்க டீச்சர், அப்புறம்தான் மத்தவங்க.” பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். என் கைதான் நடுங்கியது, உங்கள் கை அசையவில்லை.

என் வீட்டுக்காரர் முதல் நாளே தனக்கும் பரிசோதனை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கினார். அதைத் தன் அம்மாவிடமும் மறைக்கவில்லை. அத்தை, அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் யார் விசேஷம் கேட்டாலும் “எங்க வீட்டு விஷயம், நாங்க பாத்துக்கிறோம்” என்று வாசலிலேயே முடித்து அனுப்பினீர்கள். ஊசி போட்டுவிட்டு வரும் இரவுகளில் எனக்காகக் கேழ்வரகு தோசையைச் சூடாக வார்க்கக் காத்திருந்தீர்கள்.

மூன்றாம் முறை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். ஓடி வந்து முதலில் சொன்னது ஐந்தாம் வகுப்பு டீச்சரிடம்தான்.

எல்லோருக்கும் பத்திரிகை வைக்க நேரில் வருகிறேன். டீச்சர், பாப்பாவுக்குப் போட வளையல் வாங்கி வைத்திருக்கிறேன். அதை நீங்கள்தான் போட்டுவிட வேண்டும்.