சொல் இல்லையென்றால் எண்ணமும் இல்லையா?

ஆசிரியருக்கு,

மொழியும் சிந்தனையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'ஒரு மொழியில் சொல் இல்லாத கருத்தை அந்த மொழிக்காரரால் நினைக்கவே முடியாது' என்று முடிகிறது. இந்தத் துறை ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் இன்று அவ்வளவு தூரம் போவதில்லை. நம் மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே விரல் நுனி வரை எல்லாமே நமக்குக் 'கால்'தான். அதற்காக யாரும் செருப்பைத் தொடையில் மாட்டிக்கொள்வதில்லை. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்று ஒரே சொல். எது என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டுரையாளர் பெரிதும் நம்பியிருக்கும், அமெரிக்கப் பழங்குடியினரின் ஹோப்பி மொழிச் சான்றும் நிற்காது. அம்மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை என்று எழுதியவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். தீ விபத்துக் காப்பீட்டில் வேலை பார்த்துக்கொண்டே மொழியியலில் மூழ்கியவர். மொழியியலாளர் எக்கெஹார்ட் மலோட்கி 1983இல் ஹோப்பியின் காலச் சொற்களையும் வினை வடிவங்களையும் 600 பக்கங்களுக்கு மேல் தொகுத்து வெளியிட்ட பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அப்படியானால் மொழிக்குச் சிந்தனையில் பங்கே இல்லையா? உண்டு. எங்கே, எவ்வளவு என்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அமேசான் காட்டில் வாழும் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்ணுப்பெயர்கள் இல்லை. 2008இல் வெளிவந்த ஆய்வில், நூல்கண்டுகளை அவர்கள் முன் வரிசையாக வைத்து, அதே எண்ணிக்கையில் ஊதாத பலூன்களை வைக்கச் சொன்னார்கள். கண்டுகள் கண்ணெதிரே இருந்து, ஒன்றுக்கு நேராக ஒன்றை வைத்தபோது ஏறக்குறையப் பிழையே இல்லை. கண்டுகளைக் காட்டிவிட்டு மறைத்தபோது எண்ணிக்கை பிசகியது. எண் பெரிதாகப் பெரிதாகப் பிசகும் கூடியது. ஆக, 'சமம்' என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிகிறது. அதை நினைவில் பிடித்துவைக்கும் கொக்கிதான் இல்லை.

இதைவிடச் சுவையானது 2012இல் வந்த தொடர்ச்சி. ஆங்கிலம் பேசுகிறவர்களின் வாயை வேறு பேச்சில் ஓயாமல் ஈடுபடுத்தி, மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாதபடி செய்துவிட்டு, இதே மாதிரியான வேலைகளைக் கொடுத்தார்கள். அவர்களும் குத்துமதிப்பில்தான் வைத்தார்கள். எண்ணுப்பெயர்களோடு வளர்ந்தவர்களும் அவற்றை அந்த நேரத்தில் பயன்படுத்த முடியாவிட்டால் பிரஹா மக்களைப் போலவே தடுமாறுகிறார்கள்.

நிறத்திலும் இதே கதைதான். ரஷ்ய மொழியில் அடர்நீலம் 'சீனிய்', இளநீலம் 'கலுபோய்'. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது. 2007ஆம் ஆண்டுச் சோதனையில் திரையில் மூன்று நீலச் சதுரங்கள் வந்தன, மேலே ஒன்று, கீழே இரண்டு. மேலே உள்ளதோடு ஒத்துப்போவது எது என்று பார்த்து விசையைத் தட்ட வேண்டும். கீழே உள்ள இரண்டில் ஒன்று சீனியாகவும் மற்றது கலுபோயாகவும் இருந்தால் ரஷ்யர்கள் வேகமாகத் தட்டினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. எட்டு இலக்க எண்ணை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னதும் ரஷ்யர்களின் அந்த வேகம் மறைந்துவிட்டது. எண்ணுக்குப் பதிலாக ஒரு கட்ட அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னபோது மறையவில்லை. மொழி அவர்களுடைய கண்ணையே மாற்றியிருந்தால், மனத்துக்குள் எண்ணைச் சொல்வதால் பார்வை ஏன் மாற வேண்டும்?

திசைச் சோதனையைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. மேசையில் மூன்று பொம்மை விலங்குகளை ஒரே பக்கம் பார்த்தபடி நிறுத்துகிறார்கள். பார்த்தவரை 180 டிகிரி திருப்பி, பின்னால் உள்ள மேசையில் 'அதேபோல' வைக்கச் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் இடம் வலம் மாறாமல் வைத்தார்கள். இடது வலதுக்குப் பதிலாக மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்று பேசும் மெக்சிகோவின் செல்தால் மொழியினர் பெரும்பாலும் விலங்குகள் முதலில் பார்த்த திசை மாறாமல் வைத்தார்கள். இதில் வழுக்கும் இடம் 'அதேபோல' என்ற சொல்தான். இரண்டு விடையும் சரி. சன்னலோ வெளியே ஏதாவது அடையாளமோ தெரிந்தால் விடையே மாறலாம் என்று லி, கிளைட்மன் என்ற உளவியலாளர்கள் 2002இல் காட்டினார்கள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தமிழ் இதழில் இது பற்றி எழுதும்போது மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990களில் தமிழரிடையே செய்த ஆய்வை எப்படி விட்டார்கள் என்று புரியவில்லை. நாட்டுப்புறத்தார் 'கொஞ்சம் கிழக்கே தள்ளி வை' என்கிற மாதிரிப் பேச, நகரத்தார் இடது வலது என்று பேசினார்கள். நினைவுச் சோதனையிலும் அந்தச் சாய்வு தென்பட்டது. இரு சாராரின் மொழியும் தமிழ்தான், இலக்கணமும் ஒன்றுதான். வேறுபட்டது அன்றாடம் எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்ற பழக்கம்.

இலக்கணத்துக்கும் ஒரு பிடி உண்டு, அது சற்று வேறு வகை. மொழிகள் வேறுபடுவது எதைச் சொல்ல முடியும் என்பதிலல்ல, எதைச் சொல்லியே தீர வேண்டும் என்பதில் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் 1959இல் எழுதினார். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தெரியும். ஆங்கிலக் கதையில் 'பிரதர்' என்று வந்துவிட்டால் அண்ணனா தம்பியா என்று கதை முழுக்கத் துழாவ வேண்டும். கிடைக்காவிட்டால் 'சகோதரன்' என்று போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் வசனத்தில் அது ஒட்டாது. 'வீ' என்று வந்தால் நாமா, நாங்களா? கேட்பவரைச் சேர்க்கிறோமா விடுகிறோமா என்பதை நாம் ஒவ்வொரு முறையும் முடிவுசெய்தாக வேண்டும். ஆங்கிலேயருக்கும் அந்த வேறுபாடு தெரியும். வாய் திறக்கும்போதெல்லாம் அதைக் கவனிக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

கடைசியாக ஒரு திருத்தம். சாவி என்ற சொல் ஜெர்மனில் ஆண்பால், ஸ்பானிஷில் பெண்பால். அதனால் அந்தந்த மொழியினர் சாவியை வெவ்வேறு குணங்களோடு வர்ணிப்பதாகக் கட்டுரை சொல்கிறது. 2003இல் ஒரு தொகுப்பு நூலில் குறிப்பிடப்பட்ட சோதனை அது. 2014இல் வேறு ஆய்வாளர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அந்தப் பத்தியையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்