26-ஆம் தேதி என்ன ஆகிறது?

ஆசிரியருக்கு,

கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரக் கூட்டு வழிபாடு பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியையும் படத்தையும் பார்த்தேன். பல சபையாரும் ஒன்றுகூடி ஒற்றுமைக்காக ஜெபிக்கும் இந்த வாரம் 1908-இல் தொடங்கிய வழக்கம். ஜனவரி 18 முதல் 25 வரை. ஆயரும் பேராயரும் போதகரும் தோளோடு தோள் நிற்கிற படம் நன்றாகத்தான் இருக்கிறது. 26-ஆம் தேதி என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

என் தம்பி மகளுக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆனது. கல்யாணமாகி வேறொரு சபைக்குப் போனாள். "அது செல்லாது, இங்கே எடுக்கணும்" என்றார்கள். விசுவாசித்த பிறகு எடுப்பதே ஞானஸ்நானம் என்பது அவர்கள் கொள்கை. அதற்கு நான் வழக்காட வரவில்லை. "இத்தனை நாள் நீ கிறிஸ்தவளே இல்லை" என்று சேர்த்துச் சொன்னார்களே, அதுதான் உறுத்துகிறது. இருபத்தெட்டு வருடம் அவள் முழங்கால்படியிட்டதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

நானும் யோக்கியமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜெபமாலை உருட்டிய கத்தோலிக்கத் தோழியிடம், "நேரா ஆண்டவர்கிட்டயே பேசேன்டி" என்று கிண்டலடித்தவள்தான்.

ஆவியின் ஒருமையை உண்டாக்குங்கள் என்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் எபேசியருக்கு எழுதவில்லை. காத்துக்கொள்ளுங்கள் என்கிறார் (4:3). இருப்பதைத்தானே காக்க முடியும்? இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் கமிட்டி போட்டு ஒருமையைத் தயாரிக்கப் பார்க்கிறோம். பேச்சுவார்த்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. 1054-இல் ரோமும் (கத்தோலிக்கர்) கான்ஸ்டான்டிநோபிளும் (கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபையார்) ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட சபைவிலக்கு 1965 டிசம்பரில்தான் நீங்கியது. 911 வருடம்! அப்படியும் இரு தரப்பும் இன்றுவரை ஒரே பந்தியில் நற்கருணை எடுப்பதில்லை. அந்த வேலை மெதுவாக நடக்கட்டும். அதுவரை பக்கத்துச் சபைக்காரரை "இரட்சிக்கப்படாதவர்" என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லாமலிருக்க எந்த உடன்படிக்கை வேண்டும்?

முப்பத்தொரு வருடம் வார்டில் நர்சாக இருந்தேன். ஒரு நைட் டூட்டியில், அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு வயதான அம்மாமார். மறுநாள் காலை ஒருவருக்கு ஆபரேஷன். விளக்கை அணைத்ததும் இருவரும் கர்த்தரின் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்றார், மற்றவர் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்றார். வார்த்தைகள் முட்டிக்கொண்டன, இருவரும் நிறுத்தவில்லை. கத்தோலிக்க அம்மா "தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்பதோடு முடித்துவிட்டார். அடுத்த கட்டிலில் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" பாக்கி இருந்தது. இவர் குவித்த கையைப் பிரிக்காமல் காத்திருந்தார். ஆமெனை இருவரும் ஒன்றாகத்தான் சொன்னார்கள்.

"இனி தூங்குங்கக்கா, காலையில நான் முழிச்சிருப்பேன்" என்றார் ஆபரேஷன் இல்லாதவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்