கியர்பாக்ஸ் போச்சுன்னு நம்புறதுக்கு முன்னாடி பிரேக் லைட்டைப் பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் ஆட்டோமேட்டிக் கார் பத்தி நீங்க போட்ட கட்டுரையில, கியர் மாறலன்னா உடனே சர்வீஸ் சென்டர்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. எனக்கு நடந்ததைச் சொல்றேன். ஒருநாள் காலையில இன்ஜின் நல்லா ஸ்டார்ட் ஆச்சு, ஆனா கியர் லிவர் பார்க்கை விட்டு அசையவே இல்ல. வந்து பார்த்த மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கணும்னு சொல்லிட்டார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் பையனைப் பின்னாடி நிக்க வச்சு பிரேக்கை மிதிச்சேன், "அப்பா, லைட்டே எரியலப்பா"ன்னான். அவ்வளவுதான் விஷயம்! பெடலுக்கு மேல இருக்கிற சின்ன ஸ்விட்ச் போயிருந்துச்சு, பிரேக் மிதிச்ச சிக்னல் போகாம லிவரோட லாக் எப்படி விடும்?

லிவர் பக்கத்துல சின்ன மூடி ஒண்ணு நிறைய வண்டியில இருக்கும், ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே அதுக்குள்ள சாவியால அழுத்தினா லிவர் நகரும். ஆனா பிரேக் லைட் எரியாம ரோட்டுல போகாதீங்க, பின்னாடி வர்றவனுக்கு என்ன தெரியும்.

அடுத்தது கியர்பாக்ஸ் ஆயில். டிரைவ்ல போட்டதும் ரெண்டு மூணு செகண்ட் யோசிச்சிட்டு டக்குனு இழுக்குதா, ஆக்சிலரேட்டர் மிதிச்சா இன்ஜின் கத்துது ஆனா ஸ்பீடு ஏறலையா, முதல்ல ஆயில் லெவல்தான் பாக்கணும். டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பாக்குற குச்சி, இருக்கிற வண்டின்னா பெரும்பாலும் கொஞ்ச தூரம் ஓட்டி சூடாக்கி, சமமான தரையில பார்க்ல போட்டு, இன்ஜின் ஓடும்போதே பாக்கணும், சில வண்டிக்கு ஆஃப் பண்ணிட்டுதான், அதனால மேனுவலைப் பாத்துக்கோங்க. ஒரு சொட்டை வெள்ளைப் பேப்பர்ல தடவுங்க. பெரும்பாலான புது ஆயில் செவப்பா இருக்கும். கருத்துப்போய் தீஞ்ச வாசனை வந்தா உள்ள கிளட்ச் பிளேட் தேஞ்சிருக்கு, பால் கலந்த மாதிரி ரோஸா இருந்தா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு, இந்த ரெண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது, வண்டியை எடுக்காதீங்க. வெறுமனே குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக்னு அர்த்தம், இன்ஜின் ஆயில் மாதிரி இது எரிஞ்சு குறையாது. அதுக்காக ஒரேயடியா ஊத்திடாதீங்க, லெவல் தாண்டினா நுரைச்சு காத்து கலந்து மறுபடியும் இன்ஜின் கத்தும், ஸ்பீடு ஏறாது. சிவிடின்னு பெல்ட்ல ஓடுற கியர்பாக்ஸ் இருக்கு, அதுக்குன்னு தனி ஆயில், கையில கிடைச்சதை ஊத்தினா பெல்ட் நாசம்.

வண்டி ஒரே கியர்ல மாட்டிக்கிட்டு வேற கியருக்கு மாற மாட்டேங்குதா, பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்க, வோல்டேஜ் குறைஞ்சாலே கியர் கம்ப்யூட்டர் பயந்துபோய் அப்படிப் பண்ணும். வண்டியோட கோளாறு கோடைப் படிக்கிற ஸ்கேனர்ல பி0700னு வந்தா பதறவேண்டாம், கியர் கம்ப்யூட்டர்ல வேற ஒரு கோடு இருக்கு, அதைப் படின்னுதான் அதுக்கு அர்த்தம். அந்த இன்னொரு கோடைக் கேக்காம யாரும் கியர்பாக்ஸை இறக்க விடாதீங்க.

கடைசியா உங்க கட்டுரைக்குப் போட்ட போட்டோ. கயிறு கட்டி நாலு சக்கரமும் தரையில உருள இழுக்குறாங்க. இன்ஜின் ஓடலன்னா உள்ள ஆயில் பம்ப் சுத்தாது, அப்படி இழுத்தா நல்லா இருந்த கியர்பாக்ஸும் சூடாகி போயிடும். இன்ஜின் சுத்த வைக்கிற சக்கரத்தைத் தூக்கித்தான் இழுக்கணும், இல்ல லாரி மேல ஏத்தணும். அடுத்த தடவை அந்தப் போட்டோவை மாத்திடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒருத்தன்