வாரம் ஒரு மணி நேரம்: குழந்தைகள் நலப் பணியாளர்களுக்காக ஒரு கோரிக்கை

ஆசிரியருக்கு வணக்கம்.

பராமரிப்பில் இருந்த குழந்தைக்குக் கொடுமை நேர்ந்த செய்தி வரும்போதெல்லாம், அதன் கடைசிப் பத்தியில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. சம்பந்தப்பட்ட சமூகப் பணியாளர் மீது விசாரணை தொடங்கியிருக்கிறது என்பது ஒன்று. மற்றப் பணியாளர்கள் அனைவருக்கும் பயிற்சி அளிக்கப்படும் என்பது இன்னொன்று. குழந்தைகள் நலத் துறையில் களப்பணி பார்த்து, இப்போது இளையவர்களின் வழக்குகளை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருப்பவள் நான். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அந்தப் பயிற்சி பெரும்பாலும் ஒரு நாள் நிகழ்ச்சி. மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் பேசுவார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வார். நன்றாகத் தூங்குங்கள், வேலையை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்பார். அவருடைய அக்கறையில் நான் குறை காணவில்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு பெண், மடியில் கைபேசியை வைத்துக்கொண்டு, அன்று காலை போயிருக்க வேண்டிய வீட்டுக்குத் தனக்குப் பதிலாக யார் போவார்கள் என்று செய்தி அனுப்பிக்கொண்டிருப்பாள். மறுநாள் அவள் மேசையில் அதே கோப்புகள் இருக்கும். பயிற்சியில் கழிந்த நாளின் வேலையும் அவற்றோடு சேர்ந்திருக்கும். அவளுடைய மனத்தைத் தேற்றிவிட்டோம் என்று நிர்வாகம் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும்.

இந்த வேலை மனிதரை என்ன செய்கிறது என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தை தனக்கு நடந்ததைச் சொல்லும்போது குறுக்கிடக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, அழக்கூடாது. குழந்தை சொன்னதை அதே சொற்களில் எழுத வேண்டும். எழுதியதை மேலதிகாரிக்காக ஒருமுறையும் நீதிமன்றத்துக்காக மறுமுறையும் படித்துச் சரிபார்க்க வேண்டும். இப்படி ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பக் கடந்துவருபவரிடம் அது ஒட்டாமல் போகாது. பிறர் பட்ட துன்பத்தைக் கேட்டுக்கேட்டே, கேட்பவர் உலகத்தைப் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது என்று மெக்கான், பேர்ல்மேன் என்ற இரு உளவியலாளர்கள் 1990இல் எழுதினார்கள். 1995இல் சார்லஸ் ஃபிக்லி இதைப் பரிவினால் வரும் சோர்வு என்று விரித்து விளக்கினார்.

என் சக பணியாளர்களிடம் இதை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒருத்திக்குத் தன் மகளை உறவினர் வீட்டில் ஓர் இரவு விட்டுவிட்டு வர முடியவில்லை. யார் குழந்தையைத் தூக்கினாலும் அவர் கை எங்கே இருக்கிறது என்றுதான் அவள் கண் போகிறது. இன்னொருத்தி நேர் எதிர். எதைக் கேட்டாலும், "இதைவிட மோசமானதெல்லாம் பார்த்தாயிற்று" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறாள். முதலாமவளுக்காக எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கோ இரண்டாமவளைப் பார்த்துத்தான் அதிகக் கவலை. முதலாமவள் தன்னை வருத்திக்கொள்கிறாள். இரண்டாமவள் மரத்துப்போனால், அந்தப் பக்கத்தில் இருக்கும் குழந்தை கண்ணில் படாமலே போய்விடும்.

1950களின் இறுதியில் லண்டன் பொது மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களை உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சிஸ் ஆராய்ந்தார். நோயாளியின் வலி தங்களைத் தாக்காதிருக்க, மருத்துவமனையின் நடைமுறையே செவிலியரையும் நோயாளியையும் விலக்கி வைப்பதை அவர் கண்டார். நோயாளிகளைப் பெயர் சொல்லாமல், நோயையும் படுக்கை எண்ணையும் சொல்லிக் குறிப்பிட்டார்கள். எங்கள் அலுவலகங்களிலும் குழந்தைகள் வழக்கு எண்களாக மாறுகிறார்கள். அது கல்மனத்தால் நடப்பதில்லை. பேச இடமில்லாத வேதனை வேறு வழி தேடிக்கொள்கிறது.

இந்தச் சோர்வுக்குக் காரணம் தனிமனிதரின் பலவீனம் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், பணிச் சோர்வு என்பது சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று வரையறுத்திருக்கிறது. அதை ஒரு நோயாகச் சேர்க்காமல், பணிசார்ந்த நிலையாகவே வைத்திருக்கிறது. பணிச் சோர்வு பற்றிய ஆய்வில் முன்னோடியான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் வேலைப்பளு, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை, அங்கீகாரம், சக பணியாளர் உறவு, நியாயம், மதிப்பீடுகள் என்று பணியிடத்தைத்தான் சுட்டிக்காட்டினார். அப்படியிருக்க, மருந்தைப் பணியாளருக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

நான் கேட்பது எளிமையானது. ஒவ்வொரு களப்பணியாளருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம், வழக்குகளை நன்கு அறிந்த அனுபவசாலி ஒருவரோடு, கதவு மூடிய அறையில், தொலைபேசி அடிக்காத இடத்தில். வேலை அதிகமாக இருக்கும் வாரத்தில் முதலில் ரத்தாவது இந்த மணி நேரம்தான். உண்மையில் அந்த வாரத்தில்தான் அது மிகவும் தேவைப்படுகிறது.

மேற்பார்வை ஏற்கெனவே நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது. நிலுவை எத்தனை, அறிக்கை எப்போது வரும், கையொப்பம் விட்டுப்போனது ஏன் என்ற மூன்று கேள்விகளோடு அது முடிந்துவிடுகிறது. சமூகப் பணியில் மேற்பார்வையைப் பற்றி விரிவாக எழுதிய ஆல்பிரட் கடுஷின், அதற்கு நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப் பிடித்தல் என்று மூன்று கடமைகளை வகுத்தார். முதலாவது மட்டும் எங்களிடம் மிச்சமிருக்கிறது.

மற்ற இரண்டும் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளம்பெண், சிறுவன் ஒருவனின் வீட்டுக்குப் போய்வந்து அறிக்கை வைத்தாள். வீடு சுத்தமாக இருந்தது, தாய் ஒத்துழைத்தார், சிறுவன் நலமாக இருக்கிறான் என்று எழுதியிருந்தாள். "அவன் எங்கே படுத்துத் தூங்குகிறான்?" என்று கேட்டேன். "உள்ளறையில் என்று அம்மா சொன்னார், அக்கா." "உள்ளறையைப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. ஏன் என்று நான் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு அவளே சொன்னாள். அந்த வீட்டில் தாயுடன் இருந்த ஆள் அறை வாசலில் நின்றிருந்தார். விலகுங்கள் என்று சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அறிக்கையில் எழுத இடமில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

நாங்கள் செய்தது இதுதான். அந்தப் பயமே ஒரு தகவல் என்று அவளிடம் சொன்னேன். படிப்பும் பதவியும் உள்ள உன்னையே அந்த வாசல் தடுத்தது என்றால், உள்ளே வாழும் சிறுவனுக்கு அது எப்படி இருக்கும் என்று இருவரும் பேசினோம். மறுமுறை மூத்த பணியாளர் ஒருவரை உடன் அனுப்பினோம். தாயிடம் ஒருவர் பேச, சிறுவனோடு இன்னொருவர் உள்ளறைக்குப் போய், அவனுடைய படுக்கையைக் காட்டச் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டார்கள். அந்தப் பெண் அன்று கற்றதை எந்த வகுப்பறையிலும் கற்றிருக்க முடியாது. அன்றிரவு தூங்கவும் அவளால் முடிந்தது. தொழில் வளர்ச்சியும் மனத்திடமும் ஒரே இருக்கையில் ஒன்றாகக் கிடைத்தன. இவற்றுக்குத் தனித்தனி நிதித் தலைப்பு போட்டு, தனித்தனி நாளில் நடத்துவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தக் கேள்விகள் கேட்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று இருக்கிறது. விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் இறந்தாள். அவளை வளர்ப்பதாகக் கூட்டிவந்த உறவுக்காரப் பெண்ணும் அவளுடைய துணைவரும் செய்த சித்திரவதையே காரணம். கடைசி மாதங்களில் அவள் இரவுகளைக் குளிர்ந்த குளியலறையில் கழித்தாள். மருத்துவமனைகளுக்கும் காவல் துறைக்கும் சமூக நலத் துறைகளுக்கும் அவளைத் தெரியும். வழக்கைப் பார்த்த சமூகப் பணியாளர் அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். ஆனால் குழந்தையிடம் அவர் பேசிய நேரம் மிகச் சொற்பம். லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் 108 பரிந்துரைகளோடு வந்தது. அந்தப் பணியாளர் அனுபவம் குறைந்தவர் என்பதும், அவர் கையில் அளவுக்கு மீறி வழக்குகள் இருந்தன என்பதும், மேற்பார்வை சீராக நடக்கவில்லை என்பதும் அதில் வெளிவந்தன. பழியோ முதலில் கீழ்ப்படியில் நின்றவர் தலையில்தான் விழுந்தது. மேலே இருந்தவர்கள் பலர் பொறுப்பேற்காமல் நழுவியதை லேமிங்கே கடுமையாகக் கண்டித்தார்.

அதற்குப் பிறகும் விதிகளும் படிவங்களும் கூடிக்கொண்டேதான் போயின. 2011இல் பேராசிரியர் எலீன் மன்றோ இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பு முறையை ஆராய்ந்தபோது, விதிகளைப் பின்பற்றியதற்கு ஆதாரம் சேர்ப்பதிலேயே பணியாளர்களின் நேரம் கரைகிறது, குழந்தைக்கு உதவி கிடைத்ததா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது என்றார். அவருடைய பரிந்துரைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மூத்த பொறுப்பில் உள்ள ஒரு சமூகப் பணியாளர், களத்தை விட்டு விலகாமல் தொடர்ந்து பணியாற்ற வேண்டும் என்றார். நல்ல களப்பணியாளருக்கு நாம் கொடுக்கும் பரிசு அவரைக் களத்திலிருந்து எடுத்துவிடுவதுதான். பதவி உயர்ந்ததும் அவர் குழந்தைகளைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிந்ததைக் கற்க, புதியவர்களுக்கு ஆளில்லை.

பணியாளர்கள் வேலையை விட்டுப் போவதை நிர்வாகம் காலியிடக் கணக்காகப் பார்க்கிறது. குழந்தைக்கு அது வேறு கணக்கு. பலமுறை கைமாறிய வழக்கில் இருந்த ஒரு சிறுமியிடம் புதிய பணியாளர் போய் உட்கார்ந்து, "உன்னைப் பற்றிச் சொல்லேன், கண்ணு" என்று கேட்டார். "போன தடவை வந்த அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். எழுதி வைத்திருப்பார்கள். படித்துக்கொள்ளுங்கள்" என்றாள் அவள். கோபமே இல்லாத குரல். அவள் சொன்னதில் தவறென்ன? தன் வாழ்க்கையின் மிகக் கொடிய நாளை ஒரு குழந்தை எத்தனை பேரிடம் சொல்லும்? அமெரிக்காவில் குழந்தைகள் நலப் பணியாளர்களின் சராசரிப் பணிக்காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2003இல் சொன்னது. மில்வாக்கியில் 2005இல் செய்யப்பட்ட ஆய்வில், பணியாளர் மாற மாற, குழந்தை நிரந்தரமான ஒரு குடும்பத்தைச் சென்றடையும் வாய்ப்பு சரிந்துகொண்டே போனது தெரிந்தது. பணியாளரைத் தக்கவைப்பது பணியாளருக்குக் காட்டும் சலுகை என்று யாராவது சொன்னால், அந்தச் சிறுமியின் பதிலை அவர்களுக்குச் சொல்லுவேன்.

கொடூரமான சம்பவத்துக்குப் பிறகு எல்லோரையும் கூட்டி ஒரே ஒருமுறை பேசவைத்து அனுப்பிவிடும் வழக்கமும் இருக்கிறது. விபத்திலும் வன்முறையிலும் சிக்கியவர்களுக்கு இப்படி ஒரே அமர்வில் பேசவைப்பதால் பின்னால் வரும் மனப்பாதிப்பு தடுக்கப்படுவதில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு சொன்னது. பேசு என்று கட்டாயப்படுத்துவதைவிட, பேச வரும் நாளில் கேட்க ஆள் இருப்பதுதான் முக்கியம். வாரந்தோறும் சந்திக்கும் மேற்பார்வையாளர் அந்த ஆளாக இருக்க முடியும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அனுபவமுள்ள ஒருவர் போனால் புதியவரைத் தேர்ந்தெடுத்து, கற்பித்து, அவர் தனியாக நிற்கும்வரை மற்றவர்கள் தலையில் வழக்குகளைப் பிரித்துப்போட்டு, அந்தச் சுமையில் அவர்களில் ஒருவரும் போவதற்கு ஆகும் செலவை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வழக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தால், அது இன்னொரு சுமையாகவே முடியும். வளர்ப்புக் குடும்பங்களில் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் பணியாளருக்கு 12 முதல் 15 குழந்தைகள் என்பது அமெரிக்கக் குழந்தைகள் நல லீக் என்ற அமைப்பு வகுத்த தரம். எந்த நாடாக இருந்தாலும் இப்படி ஓர் எண்ணை எழுதி வைத்து, அதை மீறினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் மேலே இருப்பவர் என்று ஆக்க வேண்டும். முதல் ஆண்டுப் பணியாளருக்கு அதிலும் பாதி போதும். நன்றாக முடிந்த வழக்குகளையும் அந்த அறையில் பேச வேண்டும். வீடு திரும்பிய குழந்தையைப் பற்றி யாரும் கூட்டம் போடுவதில்லை. அதனால்தான் பலருக்குத் தங்கள் வேலை தோல்விகளின் வரிசையாகத் தெரிகிறது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, உங்கள் செய்தியாளர் அந்தப் பணியாளரின் பெயரோடு திரும்பிவிட வேண்டாம். அன்று அவர் கையில் எத்தனை குழந்தைகளின் வழக்குகள் இருந்தன, அவர் வேலையில் சேர்ந்து எவ்வளவு காலம், மேற்பார்வையாளரோடு அவர் கடைசியாக உட்கார்ந்து அந்த வழக்கைப் பேசியது எந்தத் தேதியில் என்பதையும் கேட்டு, கிடைத்த பதிலை அதே செய்தியில் போடுங்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தது யார் என்பதையும் போடுங்கள்.

என் பொறுப்பில் உள்ள குழந்தைகளின் அடையாளம் கருதி, என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலச் சமூகப் பணியாளர் ஒருவர்